அயன் எஞ்சின் இவ்ளோ சிக்கனம்னா நிலாவுக்கு ஏன் எல்லாரும் அதுல போறதில்ல?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்டபடி முதல்ல சொல்லிடறேன். அயன் எஞ்சின் சாதாரண ராக்கெட் எஞ்சினை விட அஞ்சு மடங்கு பத்து மடங்கு சிக்கனம்னு எங்க பார்த்தாலும் எழுதியிருக்கு, அப்படி இருந்தும் சந்திரயான் உட்பட நிலாவுக்குப் போற முக்கால்வாசி விண்கலம் ஏன் பழைய கெமிக்கல் எஞ்சினையே நம்பியிருக்கு, ஆளுங்களையும் அயன் எஞ்சின்லயே அனுப்பிடலாமே, அதை வச்சே தரையிறங்கலாமே, இறங்கின பிறகு நிலாவுல இந்த அயன் சமாச்சாரத்துக்கு வேற ஏதாவது வேலை இருக்கா. நாலு கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில இருக்கறது ஒண்ணுதான்னு எனக்குப் படுது: மிச்சம் பிடிக்கற எரிபொருளுக்கு பதிலா நாம எதைக் கொடுக்கறோம், நிலா மாதிரி பக்கத்துல இருக்கற இடத்துக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகுமா. நான் பல வருஷமா பிளாஸ்மா த்ரஸ்டர்களை, அதாவது அயன் எஞ்சின் வகையறாவை, வேக்யூம் சேம்பர்ல வச்சு ஓட்டிப் பார்க்கற வேலையில இருக்கேன், அதனால எஞ்சின் பக்கம் தைரியமா பேசுவேன். பாதை வகுக்கறது, மிஷன் பட்ஜெட் போடறது இதெல்லாம் கூட இருந்து பார்த்ததுதான், என் சொந்தத் துறை இல்ல, அந்த இடங்கள்ல தோராயக் கணக்கு மட்டும் போட்டுக் காட்டறேன்.

கெமிக்கல் எஞ்சின்ல எரிபொருள் எரிஞ்சு வர்ற சூடுதான் வாயுவை வெளிய தள்ளுது, அதனால வாயு வெளியேறுற வேகத்துக்கு வேதியியலே ஒரு எல்லை போட்டுடுது. சேட்டிலைட்ல வழக்கமா போடற எரிபொருள்னா நொடிக்கு 3 கிமீ சொச்சம், லிக்விட் ஹைட்ரஜன் போட்டா நாலரை கிமீ கிட்ட, அதோட சரி. அயன் எஞ்சின்ல எதுவும் எரியறதில்ல. இப்ப அதிகமா ஓடற ஹால் த்ரஸ்டரை எடுத்துக்கோங்க, வளையம் மாதிரி ஒரு செராமிக் சேனல், அடியில ஆனோடுங்கற பிளஸ் முனை, அங்கேர்ந்து செனான் வாயு மெல்ல கசியும், வெளிய இருக்கற கேத்தோடுங்கற மைனஸ் முனை எலெக்ட்ரான்களை விடும். அந்த எலெக்ட்ரான் ஆனோடை பார்த்து ஓடி வரும்போது குறுக்க இருக்கற காந்தப்புலத்துல சிக்கி சேனலுக்குள்ளயே சுத்திக்கிட்டு கிடக்கும், அந்தக் கூட்டத்துல போய் மோதற செனான் அணு ஒரு எலெக்ட்ரானை பறிகொடுத்து அயனா மாறும். செனான் அயன் கனமானது, அந்தக் காந்தப்புலம் அதை பெருசா வளைக்க முடியாது, ஆனா 300, 350 வோல்ட் மின்புலம் அதைப் பிடிச்சு நேரா வெளிய எறிஞ்சிடும். கிரிட் வச்ச இன்னொரு வகை இருக்கு, அதுல பொடிப்பொடி ஓட்டை போட்ட தட்டுகளுக்கு நடுவுல ஆயிரம் வோல்ட்டுக்கு மேல கொடுத்து அயனை இழுப்பாங்க, வேகம் இன்னும் கூட வரும். ரெண்டுலயும் வெளிய போற அயன் கூட்டத்தோட எலெக்ட்ரானையும் சேர்த்து அனுப்பியே ஆகணும், இல்லன்னா விண்கலத்துல மைனஸ் சார்ஜ் ஏறிக்கிட்டே போய் விட்ட அயனெல்லாம் திரும்பி வந்து ஒட்டிக்கும், தள்ளுவிசை பூஜ்யம் ஆயிடும். இது ஒண்ணும் நேத்து வந்த டெக்னாலஜி இல்ல, நாசாவுல ஹெரால்ட் காஃப்மன் 1959-லயே கிரிட் வகையை ஓட்டிக் காட்டிட்டார், 1964-ல செர்ட்-1ங்கற நாசா சோதனைக் கலம் விண்வெளியில அரைமணி நேரம் போல அதை ஓட்டுச்சு, சோவியத் ஆளுங்க ஹால் வகையை 1971-ல மீட்டியார் சேட்டிலைட்ல ஏத்திட்டாங்க.

இப்ப விலை என்னன்னு பார்ப்போம். எஞ்சினுக்குள்ள போற மின்சாரம் தான் அயனோட இயக்க ஆற்றலா மாறுது. ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், தள்ளுவிசை வேகத்தோட நேரா மட்டும்தான் ஏறும். இதோட அர்த்தம், கையில இருக்கற அதே ஒரு கிலோவாட்டை வச்சுக்கிட்டு வெளியேறுற வேகத்தை ரெட்டிப்பாக்கினா எரிபொருள் மிச்சமாகும், ஆனா தள்ளுவிசை பாதியா குறைஞ்சிடும். தப்பிக்க வழியே இல்ல, எந்த கம்பெனி எஞ்சினா இருந்தாலும் இதுதான். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட ஸ்மார்ட்-1-ல இருந்த ஹால் த்ரஸ்டர் சுமார் 1.2 கிலோவாட் எடுத்துக்கிட்டு கொடுத்த தள்ளுவிசை 70 மில்லிநியூட்டன் கிட்ட, அதாவது உள்ளங்கையில ஒண்ணரை ஏ4 பேப்பரை வச்சா எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. சந்திரயான்-3-ஓட ப்ரொபல்ஷன் மாட்யூல்ல இருந்த எஞ்சின் 440 நியூட்டன். ஆறாயிரம் மடங்கு வித்தியாசம்.

ஸ்மார்ட்-1 கதையை கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நிலாவுக்கு அயன் எஞ்சினையே முதன்மை எஞ்சினா வச்சு போய் சேர்ந்து முழுசா வேலை பார்த்த மிஷன்னா முதல்ல சொல்ல வேண்டியது அதுதான். 2003 செப்டம்பர் 27 அன்னிக்கு ஏரியான் 5 ராக்கெட்ல வேற பெரிய சேட்டிலைட்களோட ஒட்டிக்கிட்டு போச்சு, மொத்த எடை 367 கிலோ, அதுல செனான் 82 கிலோ. ராக்கெட் அதை பூமியைச் சுத்தற நீள்வட்டப் பாதையில விட்டுட்டு போயிடுச்சு, அங்கேர்ந்து நிலா வரைக்கும் முழுக்க அந்த ஒண்ணரை பேப்பர் விசை தான். ஒரு நாள் பூரா விடாம தள்ளினா வேகம் மணிக்கு 60 கிமீ போல மாறும். சுத்திச் சுத்தி வட்டத்தை பெருசாக்கிக்கிட்டே போய், நிலா பக்கத்துல வர்ற நேரங்களைப் பயன்படுத்திக்கிட்டு, 2004 நவம்பர் 15 வாக்குல நிலாவோட ஈர்ப்புல போய் உட்கார்ந்துச்சு. அப்போலோ மூணு நாள்ல போன தூரத்துக்கு பதிமூணு மாசத்துக்கு மேல. அதுக்கப்புறமும் மிச்சம் இருந்த செனானை வச்சு 2005-ல சுற்றுப்பாதையை திருத்தி ஆயுளை ஒரு வருஷம் நீட்டினாங்க, கடைசியா 2006 செப்டம்பர் 3-ல திட்டம் போட்டே நிலாவுல மோத விட்டாங்க. அந்த ஒரே த்ரஸ்டர் கிட்டத்தட்ட 5000 மணி நேரம் ஓடியிருந்துச்சு. இந்தத் துறையில இருக்கற எங்களுக்கு அந்த மிஷன் மேல ஒரு தனி மரியாதை உண்டு, சின்ன பட்ஜெட்ல அவங்க கத்துக்கொடுத்தது அவ்வளவு.

இப்பதான் உங்க கேள்வியோட மையத்துக்கு வர்றோம், பெரும்பாலான கட்டுரைகள் இதைச் சொல்றதே இல்ல. ஸ்மார்ட்-1 அந்த ஆரம்பப் பாதையிலேர்ந்து நிலாவுக்குப் போய் வேலை முடிக்க மொத்தமா நொடிக்கு 4 கிமீக்குப் பக்கத்துல வேக மாற்றம் (எஞ்சின் தள்ளித் தள்ளி மாத்தின வேகத்தோட மொத்தக் கூட்டல்) செலவழிச்சுது. அதே இடத்துலேர்ந்து கெமிக்கல் எஞ்சின் போனா ஒண்ணரை கிமீ சொச்சம் போதும். ஏன் இவ்வளவு வித்தியாசம்னா, பெரிய எஞ்சின் பூமிக்கு மிகக் கிட்ட, வேகம் உச்சத்துல இருக்கற அந்தச் சில நிமிஷத்துல மொத்தத்தையும் எரிச்சுடும், வேகமா போய்க்கிட்டு இருக்கும்போது கொடுக்கற தள்ளு அதிக ஆற்றலா சேரும். நிலாகிட்ட போய் பிரேக் போடும்போதும் அதே லாபம். அயன் எஞ்சினுக்கு அந்த வசதி கிடையாது, மாசக்கணக்கா பாதையோட எல்லா இடத்துலயும் தள்ளிக்கிட்டே போகணும், பூமியோட ஈர்ப்புக்குள்ள படிப்படியா ஏறணும். இப்ப கணக்கு போடுங்க, 367 கிலோ கலத்துக்கு கெமிக்கல் எஞ்சின்ல ஒண்ணரை கிமீக்கு சுமார் 140 கிலோ எரிபொருள் ஆகும், அயன்ல ஆனது 82 கிலோ. 58 கிலோ மிச்சம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா பத்து மடங்கு எங்க போச்சு? ரெண்டு மடங்குகூட வரல. அந்த மிச்சத்துலேர்ந்து பெரிய சோலார் பேனல், அந்த மின்சாரத்தை எஞ்சினுக்கு ஏத்த வோல்ட்டுக்கு மாத்தற பவர் ப்ராசஸிங் யூனிட், உயர் அழுத்த செனான் டேங்க், வால்வு எல்லாத்தோட எடையையும் கழிக்கணும், ஒரு வருஷம் கூடுதலா தரைக் கட்டுப்பாட்டு ஆளுங்களுக்கும் ஆண்டெனா நேரத்துக்கும் ஆகற செலவையும் கழிக்கணும்.

இதை டான் மிஷனோட ஒப்பிட்டுப் பார்த்தா பளிச்சுனு புரியும். 2007-ல கிளம்பி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்கற வெஸ்டா, சீரீஸ் ரெண்டையும் சுத்தி வந்த நாசாவோட டான் தன்னோட அயன் எஞ்சினால நொடிக்கு 11 கிமீக்கு மேல வேக மாற்றம் பண்ணுச்சு, 425 கிலோ செனான் வச்சுக்கிட்டு. கெமிக்கல் எஞ்சின்ல அதே வேலையைப் பண்ணணும்னா கலத்தோட எடையில நூத்துக்கு 97 பங்கு எரிபொருளாவே இருக்கணும், அப்படி ஒரு விண்கலத்தை கட்டவே முடியாது. அங்க அயன் எஞ்சின் இல்லாட்டி மிஷனே இல்ல. தேவைப்படற வேக மாற்றம் எவ்வளவு பெருசோ அயன் எஞ்சினோட லாபம் அவ்வளவு பெருசு, நிலா ரொம்பப் பக்கத்துல இருக்கு, அதனால லாபம் சிறுசு. உங்க முதல் கேள்விக்கு என்னோட பதில் இதுதான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆளுங்களை அனுப்பறது பத்தி. ரெண்டு தடை இருக்கு, ரெண்டுமே கெட்டியானது. முதல் தடை நேரம். நாசா ஆளுங்களை நிலாப் பக்கம் அனுப்பறதுக்குன்னு கட்டின ஓரியன் கலம், சர்வீஸ் மாட்யூலோட சேர்த்து சுமார் 26 டன், அதுல இப்ப தயாராகியிருக்கற பெரிய ஹால் த்ரஸ்டர் மூணு, ஒவ்வொண்ணும் 12 கிலோவாட் 0.6 நியூட்டன்னு வச்சா மொத்தம் 1.8 நியூட்டன். தாழ்வான பூமி சுற்றுப்பாதையிலேர்ந்து சுழல்பாதையில நிலா வரைக்கும் 7 கிமீ அளவு வேக மாற்றம் வேணும்னு எடுத்துக்கிட்டா மூணு வருஷத்துக்கு மேல ஆகும். இது கடுதாசியில போட்ட கணக்குதான், எரிபொருள் குறையக் குறைய எடை குறையறதை நான் சேர்க்கல, நிழல்ல எஞ்சின் நிக்கறதையும் சேர்க்கல, ஆனா விடை மாசக்கணக்குல வராது. ரெண்டாவது தடை வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்கள், பூமியோட காந்தப்புலம் வேகமான துகள்களைப் பிடிச்சு வச்சிருக்கற பகுதி. அப்போலோ அதை மணிக்கணக்குல தாண்டிடுச்சு, சுழல்பாதையில போறவங்க அதுக்குள்ளயே மாசக்கணக்குல சுத்தணும். ஸ்மார்ட்-1 முதல் மூணு மாசம் இடைவிடாம தள்ளி தாழ்ந்த புள்ளியை உசத்தி அந்த வளையத்தை விட்டு வெளிய வரப் பாடுபட்டதே இதுக்குத்தான், அந்த நேரத்துல சோலார் பேனலோட திறன் குறைஞ்சுது, போதாக்குறைக்கு 2003 அக்டோபர் கடைசியில பெரிய சூரியப் புயல் வேற வந்துச்சு, நட்சத்திரத்தைப் பார்த்து திசை அறியற கேமராவெல்லாம் புரோட்டான் அடியில தடுமாறுச்சு. மெஷின் தாங்கிக்கிச்சு, மனுஷ உடம்பை அங்க வைக்கவே முடியாது.

தரையிறங்கறதுக்கு பதில் இன்னும் சுலபம், முடியாது. நிலாவோட ஈர்ப்பு முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு 1.62 மீட்டர், விக்ரம் லேண்டர் இறங்க ஆரம்பிக்கும்போது 1,750 கிலோ கிட்ட, அதை அந்தரத்துல நிறுத்தி வைக்கவே 2,800 நியூட்டன் வேணும். ஸ்மார்ட்-1 த்ரஸ்டர் மாதிரி 40,000 சேர்த்து வைக்கணும், அதுக்கு மின்சாரம் 48 மெகாவாட். காத்தும் இல்லாததால பாராசூட்டும் உதவாது. இறங்கறதும் ஏறறதும் கெமிக்கல் எஞ்சினோட வேலை, கண்ணுக்கு எட்டின தூரம் அப்படியேதான் இருக்கும்.

அப்ப நிலாவுக்கு அயன் எஞ்சினே வேண்டாமான்னா, அப்படி நான் சொல்ல மாட்டேன், இந்த இடத்துல எனக்கு நிஜமாவே ஆர்வம் அதிகம். அவசரமே இல்லாத சரக்கு இருக்கு பாருங்க, ஆளுங்க போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே போய் காத்திருக்க வேண்டிய பொருள், அதுக்கு இது அருமையான வண்டி. ரெண்டாவது, நிலாவுக்குப் போய் சேர்ந்த பிறகு அங்கயே வருஷக்கணக்கா இருந்து பாதையைத் திருத்தறது, ஒரு சுற்றுப்பாதையிலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறறது. நிலாவோட ஈர்ப்பு எல்லா இடத்துலயும் சமமா இல்ல, தரைக்கு அடியில அடர்த்தியான திட்டுகள் இருக்கு, அதனால தாழ்வா சுத்தற கலம் தானாவே தடம் மாறி மோதிடும். அப்போலோ 16 ஆளுங்க 1972-ல விட்ட குட்டி சேட்டிலைட் 35 நாள்ல நிலாவுல விழுந்துடுச்சு. அந்த மாதிரி இடத்துல கொஞ்சம் கொஞ்சமா தினமும் திருத்திக்கிட்டே இருக்க குறைஞ்ச எரிபொருள்ல ஓடற எஞ்சின் பெரிய வரம், ஆனா தாழ்வான பாதையில ஒவ்வொரு சுத்துலயும் பெரிய பங்கு நிழல்லயே போயிடும், சோலார் பேனல் இருட்டுல இருக்கும்போது எஞ்சினை நிறுத்தணும், தினமும் பல தடவை நிறுத்தி ஸ்டார்ட் பண்றது கேத்தோடுக்கும் நல்லதில்ல, அதையும் கணக்குல வைக்கணும்.

நிலாவைச் சுத்தறதுக்குன்னு நாசா திட்டமிட்ட கேட்வே நிலையத்துக்குன்னு வடிவமைச்ச பவர் மாட்யூல் இந்த யோசனையோட பெரிய வடிவம். 60 கிலோவாட் அளவு சோலார் பேனல், 12 கிலோவாட் ஹால் த்ரஸ்டர் மூணு, 6 கிலோவாட் நாலு. ஆளுங்க தங்கற சின்ன மாட்யூலோட சேர்த்து ஃபால்கன் ஹெவியில அனுப்பி, ஒரு வருஷம் போல சுழல்பாதையில ஏறி, ஆறரை நாளுக்கு ஒருக்கா சுத்தற நீள் பாதையில போய் உட்காரணும்ங்கறது திட்டமா இருந்துச்சு. 2025-ல அமெரிக்க அரசோட பட்ஜெட் முன்மொழிவே கேட்வேயை நிறுத்தச் சொல்லுச்சு, அப்புறம் அவங்க நாடாளுமன்றம் அதுக்கு பணம் ஒதுக்குச்சு. அந்த நிலையத்தோட தலைவிதியை வச்சு இந்த த்ரஸ்டர்களை எடை போடாதீங்க, 12 கிலோவாட் ஹால் த்ரஸ்டர்ங்கறது எந்த மிஷன்ல ஏறினாலும் பயன்படப்போற சாதனம்.

அயன் எஞ்சினுக்கு இன்னொரு குணம் இருக்கு, அது வேலை செஞ்சு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்: பொறுமையா மன்னிக்கும். கெமிக்கல் எஞ்சின்ல நிலாவோட சுற்றுப்பாதையில நுழையற அந்தச் சில நிமிஷ எரிப்பு தவறினா கலம் நிலாவைத் தாண்டிப் போயிடும். அயன் எஞ்சின் பாதி வழியில அணைஞ்சா அன்னிக்கு சாயங்காலமோ மறுநாளோ திரும்ப ஏத்திக்கலாம், பாதை கொஞ்சம் மாறும், திருத்திக்கலாம். ஸ்மார்ட்-1-ல கதிர்வீச்சு எலெக்ட்ரானிக்ஸ்ல பட்டு எஞ்சின் பல தடவை தானா அணைஞ்சுது, ஒவ்வொரு தடவையும் திரும்ப ஓடுச்சு. நாசாவோட டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தோட கதை இன்னும் சுவாரசியம், 1998 நவம்பர் 10-ல முதல்முறை எஞ்சினை ஏத்தினப்ப நாலரை நிமிஷத்துல நின்னுடுச்சு, கிரிட்களுக்கு நடுவுல ஏதோ துகள் மாட்டியிருக்கும்னு நினைச்சு கலத்தை வெயிலுக்கும் நிழலுக்கும் திருப்பி சூடாக்கிக் குளிரவிட்டு ரெண்டு வாரம் கழிச்சு ஏத்தினாங்க, ஓடுச்சு, மொத்தம் 16,000 மணி நேரத்துக்கு மேல ஓடுச்சு.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் உறுதியானது. இனிமே சொல்றதுல சந்தேகம் கலந்திருக்கு, பிரிச்சே சொல்றேன். த்ரஸ்டர் எத்தனை வருஷம் தாங்கும்ங்கறதுதான் எங்க வேலையில கஷ்டமான கேள்வி. வேகமான அயன்கள் சேனல் சுவத்தையும் கிரிட்டையும் அணு அணுவா அரிச்சு எடுக்கும். தரையில சோதிச்சுத்தானே ஆயுளைச் சொல்றோம், ஆனா எவ்வளவு பெரிய பம்ப் வச்சாலும் சேம்பர் உள்ள கொஞ்சம் வாயு மிச்சம் இருக்கும், அதுவும் த்ரஸ்டருக்குள்ள திரும்பப் போய் அயனாகி தள்ளுவிசையை கூட்டிக் காட்டும். சேம்பரோட உலோகச் சுவர் மின்சாரத்தைக் கடத்தும், விண்வெளியில அந்த மாதிரி சுவர் கிடையாது, அதனால எலெக்ட்ரான் போற வழியே இங்க வேற அங்க வேற. அயன் கற்றை போய் இடிக்கற கார்பன் தகட்டுலேர்ந்து கார்பன் தெறிச்சு வந்து த்ரஸ்டர் மேலயே படியும், அது அரிப்பை மூடி மறைச்சிடும், எஞ்சின் நிஜத்தை விட நல்லா இருக்கற மாதிரி தெரியும். நான் சேம்பர் பக்கத்துல உட்கார்ந்து அதிகமா மல்லுக்கட்டினது இந்தக் கார்பனோடதான். நெக்ஸ்ட்ங்கற கிரிட் த்ரஸ்டரை நாசா 48,000 மணி நேரத்துக்கு மேல, 900 கிலோ செனானுக்கு மேல விட்டு 2014 வரைக்கும் ஓட்டிப் பார்த்தாங்க, அது பெரிய சாதனை, அந்த அளவு பொறுமையும் காசும் எல்லா த்ரஸ்டருக்கும் கிடைக்காது. ஹால் வகையில காந்தப்புலத்தோட வடிவத்தை மாத்தி, சூடான பிளாஸ்மாவை (அயனும் எலெக்ட்ரானும் கலந்த வாயு) சேனல் சுவத்துகிட்ட அண்டவிடாம பண்ற முறை வந்த பிறகு சேனல் அரிப்பு வெகுவா குறைஞ்சிடுச்சு, இப்ப அரிப்பு முன்பக்கத்து காந்த முனையை மூடியிருக்கற தகட்டுப் பக்கம் நகர்ந்திருக்கு. யாராவது ஒரு புது த்ரஸ்டர் பத்து வருஷம் ஓடும்னு சொன்னா எத்தனை மணி நேரம் நிஜமா ஓட்டினீங்க, எத்தனை மணி நேரம் மாடல்ல கணக்கு போட்டீங்கன்னு ரெண்டையும் தனித்தனியா கேளுங்க.

எரிபொருள் விஷயமும் அப்படித்தான். செனான் கனமானது, ஓரளவு சுலபமா அயனாகும், வினைபுரியாது, ஆனா காத்துல ஒரு கோடி அணுவுல ஒண்ணுகூட அது இல்ல, அதனால விலையும் அதிகம், தட்டுப்பாடும் வரும். அதனாலதான் ஸ்டார்லிங்க் முதல்ல கிரிப்டானுக்கும் அப்புறம் ஆர்கானுக்கும் போச்சு, திறன் குறையும், ஆயிரக்கணக்குல பறக்கவிடறவங்களுக்கு அந்தப் பேரம் சரி. அயோடின் இன்னொரு வழி, திடப்பொருளா டப்பாவுல வச்சுக்கலாம், உயர் அழுத்த டேங்க் வேண்டாம், 2020-ல கிளம்பின ஒரு சின்ன சேட்டிலைட்ல ஃப்ரான்ஸ் கம்பெனி த்ரஸ்ட்மீ அதை ஓட்டிக் காட்டிட்டாங்க. ஆனா 2022 நவம்பர்ல நாசாவோட ஆர்டெமிஸ் 1 நிலாப் பயணத்தோட சேர்ந்து நிலாப் பக்கம் போன லூனாஹெச்-மேப் கலத்துல அயோடின் த்ரஸ்டரை கடைசி வரைக்கும் ஏத்த முடியல, வால்வு சிக்கிக்கிச்சுன்னுதான் அந்தக் குழு முடிவுக்கு வந்தாங்க. அயோடின் உலோகத்தை அரிக்கும், குளிர்ந்தா குழாய்ல படியும், மாசக்கணக்கா ராக்கெட்ல காத்திருந்தா என்ன ஆகும்ங்கறதெல்லாம் இன்னும் முழுசா தீராத கேள்வி. நிலா மண்ணுலேர்ந்தே எரிபொருள் எடுக்கலாமான்னு சிலர் கேக்கறாங்க, அங்க ஆக்ஸிஜன் பாறையோட பிணைஞ்சு ஏராளமா இருக்கு, துருவத்துல பனியும் இருக்கு, ஆக்ஸிஜனையும் மெக்னீஷியத்தையும் லேப்ல த்ரஸ்டர்ல விட்டுப் பார்த்திருக்காங்க, ஆனா சூடான கேத்தோடுக்கு ஆக்ஸிஜன் எமன். இது நடக்கும்னு சொல்ற அளவுக்கு என்கிட்ட ஆதாரம் இல்ல, நடக்காதுன்னும் சொல்ல மாட்டேன்.

கடைசிக் கேள்வி, நிலாவுல அயனுக்கு வேற வேலை. நிலாவுக்கு காந்தக் கவசமும் இல்ல கனமான காத்தும் இல்ல, சூரியக் காத்துல வர்ற புரோட்டான்கள் நொடிக்கு 400 கிமீ போல நேரா மண்ணுல வந்து அடிக்கும். அதெல்லாம் மண்ணுலயே உறிஞ்சப்பட்டுடும்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க, 2008-ல போன சந்திரயான்-1-ல ஸ்வீடன் ஆளுங்களும் இஸ்ரோவும் சேர்ந்து வச்ச சாரா கருவிதான் அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் ஹைட்ரஜன் அணுவா மாறி திரும்பத் தெறிக்குதுன்னு காட்டுச்சு. மண்ணுல தங்கற புரோட்டான் ஆக்ஸிஜனோட சேர்ந்து ஹைட்ராக்ஸில் (ஒரு ஆக்ஸிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது, தண்ணிக்கு ஒரு படி முன்னாடி) உண்டாக்குதுங்கறது வலுவான கருத்து, ஆனா நிலாவுல பார்த்த நீர்த்தடத்துல எவ்வளவு பங்கு இதனால வந்தது, எவ்வளவு வால்நட்சத்திரம், எரிகல்லால வந்ததுங்கறதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் உடன்பாடு இல்ல. சந்திரயான்-3 லேண்டர்ல இருந்த லாங்மியூர் ப்ரோப் தரைக்கு மேல இருக்கற பிளாஸ்மா எவ்வளவு அடர்த்தின்னு நேரடியா அளந்துச்சு, கன மீட்டருக்கு 50 லட்சத்துலேர்ந்து 3 கோடி எலெக்ட்ரான்னு முதல் கட்ட முடிவு, இது ரொம்ப ஐதானது. 2024 ஜூன்ல சீனாவோட சாங்'இ-6 லேண்டர்ல இருந்த ஐரோப்பியக் கருவி நிலாத் தரையில முதல்முறையா நெகட்டிவ் அயன்களைப் பிடிச்சுது. இந்த அளவீடெல்லாம் வெறும் ஆர்வத்துக்கு இல்ல, தூசி ஏன் மின்னேற்றம் ஆகி சோலார் பேனல்லயும் ஸ்பேஸ்சூட்லயும் விடாம ஒட்டுதுன்னு புரிஞ்சுக்க இதுதான் அடிப்படை.

சந்திரயான் வரிசையில அயன் எஞ்சின் வருமான்னு தனியா கேட்டிருந்தீங்க. இஸ்ரோ 2017-ல ஜிசாட்-9-ல எலெக்ட்ரிக் ப்ரொபல்ஷனை வச்சுப் பார்த்தாச்சு, 2025 மார்ச்ல 300 மில்லிநியூட்டன் ஹால் த்ரஸ்டரை 5.4 கிலோவாட்ல 1000 மணி நேரம் ஓட்டி முடிச்சாச்சுன்னு அறிவிச்சாங்க. இது ஸ்மார்ட்-1-ல இருந்ததைப் போல நாலு மடங்கு தள்ளுவிசை. இந்த எஞ்சினோட முதல் வேலை தொலைத்தொடர்பு சேட்டிலைட்களை மேல ஏத்தறது, அதுல காசு மிச்சமாகறது உடனடியா தெரியும். நிலா மண்ணை எடுத்துட்டு வர்ற மாதிரி மிஷனுக்கு இறங்க, ஏற, திரும்பி வர எல்லாமே கெமிக்கல்தான் சரி. நிலாவைச் சுத்தி தொடர்புக்கோ வழிகாட்டலுக்கோ பத்து வருஷம் நிக்கற சேட்டிலைட் கூட்டம் ஒண்ணு போடணும்னு முடிவு பண்ணினாங்கன்னா, அதுக்கு நான் ஹால் த்ரஸ்டரைத்தான் சிபாரிசு பண்ணுவேன், அவசரப்படாம ஒரு வருஷம் முன்னாடியே கிளம்பிடணும், கதிர்வீச்சு வளையத்தை சீக்கிரம் தாண்டற அளவுக்கு உயரமான ஆரம்பப் பாதையில ராக்கெட் கொண்டு போய் விடணும், சோலார் பேனலை தேவைக்கு மேல நல்லா தாராளமா வச்சுக்கணும்.